எந்தச் சாஸ்தா என்று கேட்ட கோமதிக்கு

என் கண்ணான தங்கச்சி கோமதி,

நேற்றுச் சாயங்காலம் பேச்சி தன் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில், உன் பழைய அறையில், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினாள். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான், இன்னும் போகவில்லை.

இதை உனக்கு எழுத வேண்டுமென்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். முடிவதற்கு முன்னால் எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பஸ்ஸை விட்டு இறங்கும்வரை ஊர் வந்துவிட்டதென்று சொல்லாதவன் நான். உனக்குத் தெரியாததா?

உன் இடத்தில் இப்போது இருக்கும் டாக்டர் லலிதா, உன் நினைவாக ஆஸ்பத்திரி மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். உன்னிடம் படித்த பெண்தானே, உன்னைப் போலவே விடவில்லை. உன் வேலையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தியவன். ரத்தத்தைப் பார்த்தால் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொள்கிறவன். அதனால் உன்னைப் பற்றி எழுதாமல் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்காகச் சில இடங்களில் உனக்குத் தெரிந்ததையே சொல்வேன், பொறுத்துக்கொள்.

நான் ஓய்வு பெற்ற மறு வாரம் நீ நான்கு நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாய். "பேப்பர மடிச்சு மடிச்சு அடுக்கிக்கிட்டு இருக்கியளே அண்ணாச்சி, எனக்கு வந்து கோடு போட்டுக் குடுங்க" என்றாய். நோட்டு முழுக்கப் பிள்ளைகளின் பெயர்கள். பிளட் கேன்சர் வந்த பிள்ளைகள், மாதாமாதம் ரத்தம் ஏற்றவேண்டிய பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உன் கிறுக்கல். பல வரிசைகள் பாதியிலேயே நின்றிருந்தன.

"இந்தப் பிள்ளைகளெல்லாம்?" என்று கேட்டேன்.

"வரல்ல."

"இறந்துபோச்சா?"

"தெரியாது" என்றாய். எதற்கும் தயங்காத நீ அந்த ஒரு வார்த்தையை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

பிறகுதான் எனக்கு விளக்கினாய். பிளட் கேன்சருக்கு இப்போது மருந்து உண்டு. முதலில் சில மாதம் ஊசியும் குளூக்கோஸுமாகப் பிள்ளை படாத பாடு படும். ரத்தத்தில் கெட்ட அணுக்கள் மறையும். மறையுமே தவிர, போய்விடாது. வீட்டிலிருந்தபடி இரண்டு வருடம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால்தான் போகும். ஆனால் கொட்டின முடி முளைத்து, பிள்ளை தெருவில் ஓடத் தொடங்கியதும் பெற்றவர்களுக்கு நோய் தீர்ந்துவிடுகிறது. மாத்திரையும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நோய் திரும்பினால் பழைய மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது.

"பெரிய ஊர்ல குடுக்க அதே மருந்தத்தான் நானும் குடுக்கேன். அங்க பிள்ளை பிழைச்சுக்கிடுது. இங்க பிழைக்க மாட்டேங்குது. வித்தியாசம் மருந்துல இல்ல அண்ணாச்சி, வராம நின்னுபோறதுல இருக்கு. அத நான் காட்டணும்" என்றாய். உன் ஆராய்ச்சி அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் நீ மணிக்கணக்காகப் பார்த்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் வந்து முடிந்தது.

வராத பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் உன் வார்டின் முடிவு பார்க்க அழகாக இருந்திருக்கும். அது பொய் என்று சொன்னேன். எல்லாரையும் இறந்ததாக வைப்பதும் பொய், 'தெரியாது' என்று தனிக் கட்டம் போடுவதே முறை என்றேன். நீ சிரித்தாய். "தெரியாதுன்னு எழுதுறது உங்களுக்குச் சுலபம். பிள்ளை எங்கயாவது ஒரு இடத்துல இருக்கத்தான செய்யும்?" என்றாய்.

நான் கார்டு போட்டுப் பார்த்தேன். போட்ட கார்டெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. செங்கல் சூளைக்கும் மலை எஸ்டேட்டுக்கும் அறுப்புக்குமாக ஊர் மாறிக்கொண்டே இருக்கிற சனம். ஒரு நாள் வார்டில் எஸ்டேட் தொழிலாளி ஒருவரிடம் நிரந்தர முகவரி கேட்டு நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் சலித்துப்போனார். "எந்த ஊரச் சொல்லச் சொல்லுதிய? வருசத்துக்கு ஒரு ஊரு. சாஸ்தா ஒருத்தருதான் எங்களுக்கு மாறாம இருக்காரு."

அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நீ நிமிர்ந்தாய். "அண்ணாச்சி, இன்னொரு கோடு போடுங்க."

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஜில்லாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. காட்டுக்குள்ளோ குளத்தங்கரையிலோ கோயில் இருக்கும். எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் அங்கே வந்து பொங்கல் விட்டாக வேண்டும். ஆகவே உன் நோட்டில் பிள்ளையின் பெயர், வயது, ரத்த அளவு என்கிற வரிசையில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: எந்தச் சாஸ்தா?

உன் ஆராய்ச்சிக் கட்டுரையை வாசிக்கிற வெளிநாட்டுக்காரன் இது என்னவென்று கேட்பானே என்று நான் கவலைப்பட்டேன்.

"நிரந்தர முகவரின்னு போடுங்க. அது பொய்யா?" என்றாய்.

அந்தப் பங்குனியில் நீ ஜீப் பிடித்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போனாய். பொங்கல் பானைக்கும் படையலுக்கும் நடுவில் டாக்டர் வந்து நின்றால் சனம் என்ன சொல்லும்? உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். நின்றுபோன வரிசைகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. மாத்திரையை நாள்காட்டித் தாளில் மடித்துக் கொடுக்கும் வழியும் நீ கண்டதுதான். அன்றன்றைய தாளில் அன்றன்றைய மாத்திரை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒத்துப் பார்த்துக்கொள்வாள். காலித் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் எண்ணிக் குறித்துக்கொள்வேன்.

பேச்சி வந்தது அதற்குப் பிறகு. ஆறு வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிற வேலம்மாளின் மகள். அப்பா சுடலைமுத்து மலை எஸ்டேட்டில் இருந்தார். பிள்ளையைச் சேர்க்கும்போது கூட இருந்தது தாய் மட்டும்தான். எந்தச் சாஸ்தா என்று நான்தான் கேட்டேன். "சேரமாதேவி பக்கத்துல பாறையடி சாஸ்தா" என்றாள். எழுதிக்கொண்டேன். அது நான் செய்த தவறு. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

பேச்சி ஊசிக்கு அழமாட்டாள். நான் அடிமட்டம் வைத்துக் கோடு போடுவதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குக் 'கோட்டுத் தாத்தா' என்று பெயர் வைத்ததும் அவள்தான். தை மாதம் அவளுக்கு முடி முளைத்து, கருகருவென்று காதை மூடியது. "முடி வளந்தா சாஸ்தாவுக்கு இறக்குதேன்னு நேந்திருக்கேன் டாக்டரம்மா" என்று வேலம்மாள் சொன்னாள். "இறக்கு, நல்லா இறக்கு. மாத்திரைய மட்டும் இறக்கிராத" என்றாய் நீ.

மாசி பிறந்த இரண்டாம் நாள், வார்டுக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நீ சாய்ந்தாய். உன்னைவிடப் பத்து வயது மூத்தவன் நான். வரிசை தப்பிவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மற்றது எதையும் எழுத வராது.

பேச்சி வரவேண்டிய நாள் அதற்கு மறுநாள். பத்து நாள் கழித்து நான் நோட்டைத் திறந்தபோது அவள் கட்டம் காலியாக இருந்தது. கார்டு போட்டேன், வீட்டைக் காலி செய்து எங்கோ போய்விட்டார்கள் என்று திரும்பி வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மாத்திரை பாக்கி இருக்கிற பிள்ளை. ஒவ்வொரு வாரமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போனது. 'தெரியாது' என்று எழுதப் பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன். உன் குரல் கேட்டது என்று சொன்னால் பொய். உன் குரல் கேட்கவில்லையே என்றுதான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

பங்குனி உத்திரத்தன்று லலிதா வேறு கோயில்களுக்குப் போனாள். நான் தனியாகப் பாறையடி சாஸ்தா கோயிலுக்குப் போனேன். "பிள்ளையப் பாத்தா மாத்திரை குடுத்துராதீங்க சார். இத்தன நாள் விட்டிருந்தா முதல்ல ரத்தம் பாக்கணும். கூட்டிட்டு மட்டும் வாங்க" என்று லலிதா மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். மஞ்சள் பைக்குள் உன் நோட்டு. விடிந்ததிலிருந்து வாசல் வேப்பமரத்தடியில் நின்று, வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் கேட்க வாய் வரவில்லை.

பத்து மணி வாக்கில் நல்ல திடகாத்திரமான ஒருவர் எதிரே வந்து நின்றார். "என்னவே, காலைல இருந்து பாக்கேன். வார பொம்பளையளையெல்லாம் முறைச்சு முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கீரு?"

முக்கூடல் வேலம்மாளைத் தேடுகிறேன், ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறேன் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "வேலம்மா என் தங்கச்சிதான். அவள இங்கன வந்து தேடுதீரே?"

"அவங்கதான் இந்தச் சாஸ்தான்னு சொன்னாங்க."

"சொல்லுவா. பொறந்த வீட்டுச் சாஸ்தாவ எவ விட்டுக்குடுப்பா? கட்டிக் குடுத்தாச்சுல்லா வே. இப்பம் அவ பொங்கல் விடுதது முக்கூடல் பக்கத்துல, மாப்பிள வீட்டுச் சாஸ்தாவுக்கு. படிச்ச ஆளு மாதிரி இருக்கீரு, இது தெரியாமலா தல நரைச்சுது?"

தெரியாமல் இல்லை, கோமதி. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சாஸ்தா என்பது இந்த ஜில்லாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டில் என்ன நடந்தது? உன் மாப்பிள்ளை தவறிப்போன பிறகு நீ நம் வீட்டுக்கே வந்துவிட்டாய். பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் என்னோடு நம் சாஸ்தாவுக்குத்தான் வந்தாய். உன் சாஸ்தா எது என்று யார் கேட்டாலும் நம்முடையதைத்தான் சொன்னாய். நானும் இத்தனை வருடம் அதையே பார்த்துப் பழகிவிட்டேன். ஒரு பெண் தன் சாஸ்தா என்று சொன்னால் அவளை அங்கே பார்க்கலாம் என்று நம்பிவிட்டேன். நம் இருவருக்குமே அந்தக் கட்டத்தில் இருந்த ஓட்டை தெரியாமல் போனதற்கு நீதானே காரணம்? இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவர் பெயர் பரமசிவன். வாழைத்தார் ஏற்றுகிற வேலை. "நானும் அங்கதான் போறேன். பிள்ளைக்கு இன்னைக்கு முடி இறக்குதாங்க. தாய்மாமன் மடி இல்லாமலா? ஏறும் வே" என்று மொபெட்டை உதைத்தார். என் ஆயுளில் நான் மொபெட்டில் ஏறியதில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பைய போங்க, மெதுவா போங்க என்று ஆற்றுப் பாலம் வரை சொல்லிக்கொண்டே போனேன்.

"பைய போனா நீரு சுகமா போய்ச் சேருவீரு. பிள்ளை மொட்டத் தலையோட ஊருக்குப் போயிருக்கும்" என்றார்.

முக்கூடல் கோயிலில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வேலம்மாள் பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். "அய்யா, கும்பிடுதேன். சாமி முன்னால வச்சு அந்த நோக்காட்டுப் பேரச் சொல்லிராதிய."

சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"வந்தோமே" என்றாள். "தாள் தீந்துபோச்சு. தீந்த மறுநாளே பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தோம். வாசல்ல டாக்டரம்மா படத்துக்கு மாலை போட்டிருந்துச்சு. அப்பிடியே திரும்பிட்டேன். வைத்தியம் பாத்தவுகளே போயிட்டாக. அவுக குடுத்த மருந்து மட்டும் எப்பிடிய்யா நிக்கும்?"

ஒரு தாளும் விடாமல் கொடுத்திருக்கிறாள், கோமதி. குறித்த நாளில் வாசல் வரை வந்திருக்கிறாள். நாங்கள் உன் படத்துக்கு மாலை போட்டோமே தவிர, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தவில்லை. உள்ளே வாங்க என்று சொல்ல ஒரு ஆள் போதுமாயிருந்தது.

நீயாக இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாய்? அதட்டியிருப்பாய், சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அந்தக் குரல் கிடையாது. என்னிடம் இருந்தது நோட்டுதான். திறந்து வாசித்தேன். பிள்ளையின் பெயர், எந்தச் சாஸ்தா, முடி இறக்கியது, மாத்திரை தொடர்ந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அடுத்த பிள்ளை. அதற்கு அடுத்த பிள்ளை. பக்கத்தில் பொங்கல் விட்டுக்கொண்டிருந்தவர்களும் கரண்டியோடு வந்து நின்றார்கள். ஒரு பெயரைக் கேட்டு, "அது நம்ம இசக்கி மவன்லா" என்றது ஒரு குரல்.

வேலம்மாள் நடுவில் குறுக்கிட்டாள். "நிறுத்துன பிள்ளையெல்லாம் என்னாச்சு?"

அந்தப் பக்கத்தை நான் திருப்பாமல் இருந்திருக்கலாம். நல்ல நாள், சாமி சன்னிதி. ஆனால் பாதிப் பக்கத்தை மறைத்து வாசிக்க நான் எங்கே படித்தேன்? திருப்பினேன். மூன்றாவது பெயரில் அவள், "போதும்யா" என்றாள்.

அப்போது சொன்னேன்: "அவ போனாலும் நிக்கணும்னுதாம்மா ஒவ்வொரு பிள்ளையா எழுதி வச்சிருக்கா. மருந்து அவ கைல இல்ல. இதுல இருக்கு. வேற யாரு குடுத்தாலும் கேக்கும்." என் குரல் நடுங்கவே இல்லை என்று பரமசிவன் பிற்பாடு சாட்சி சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை.

வேலம்மாள் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். பிறகு, "முடி இறக்கட்டும். அது நேந்தது. இறக்கிட்டு நாளைக்கு விடியக்கால வாரோம்" என்றாள். "விடியக்கால நான் கொண்டாந்து விடுதேன் அண்ணாச்சி" என்றார் பரமசிவன். அதுவரை 'வே' என்றவருக்கு அந்த நிமிடம் நான் அண்ணாச்சி ஆகிவிட்டேன். மாமன் மடியில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்த பேச்சி, கத்திக்கு அடியிலிருந்தே ஓரக்கண்ணால் பார்த்துக் கேட்டாள்: "கோட்டுத் தாத்தா, தாள் கொண்டாந்தியளா?"

மறுநாள் வந்தார்கள். லலிதா ரத்தம் எடுத்து ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஆறு வாரம் மருந்தில்லாத ரத்தம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்லைடை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். நிமிரவே இல்லை. நீயும் அப்படித்தான், நல்ல செய்தியாக இருந்தால் கூடுதல் நேரம் பார்ப்பாய். கடைசியில், "சுத்தமா இருக்கு சார்" என்றாள். எலும்பு மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். நடுவில் நின்றுபோன அந்த வரிசைதான் நேற்று முடிந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நோட்டுகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். 'கோயிலுக்கு வரவில்லை' என்று எழுதியிருந்த ஏழு வரிசையில் ஐந்தில் சாஸ்தா பெயரைச் சொன்னது தாய்மார். அப்பா வீட்டுச் சாஸ்தாவை விசாரித்துத் தேடினோம். மூன்று பிள்ளைகள் கிடைத்தன. இரண்டு பேருக்கு நாங்கள் பிந்திவிட்டோம். நீ இருந்தால், "நானுந்தான பாக்கல்ல" என்று பாதியை எடுத்துக்கொண்டிருப்பாய். நீ இல்லாததால் முழுவதும் என்னிடம் இருக்கிறது. இருக்கட்டும். அந்த இரண்டு பெயரையும் நான் பென்சிலால் எழுதவில்லை.

இப்போது நோட்டில் அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறேன். அப்பா வீட்டுச் சாஸ்தா, அம்மா வீட்டுச் சாஸ்தா. வார்டு நர்ஸுகள் என்னைவிட நன்றாகக் கேட்டு எழுதுகிறார்கள். உன் கட்டுரையை லலிதா முடித்து அனுப்பி, அது அச்சாகியும் வந்துவிட்டது. உன் பெயர்தான் முதலில். நிரந்தர முகவரி என்ற கட்டம் அப்படியே இருக்கிறது, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. வேறு ஊர்களிலிருந்து டாக்டர்கள் எழுதுகிறார்கள், எங்கள் பக்கத்தில் சாஸ்தாவுக்குப் பதிலாக எதைக் கேட்பது என்று. வராத பிள்ளையைத் தேடினால் கிடைக்கும், கிடைத்தால் பிழைக்கும் என்று நீ சொன்னது உன் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. நீ இல்லாமலும் நிற்கிறது. எதையும் சந்தேகப்படுகிற நான் இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

பேச்சிக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்பாய். அந்தச் சொல்லை இன்னும் எழுதவில்லை. இன்னும் சில வருடம் நோய் தலைகாட்டாமல் இருந்தால்தான் எழுத வேண்டும் என்று விதி வைத்தவளே நீதான். அதுவரை வருடம் ஒரு தடவையாவது அவளைப் பார்த்து வரிசையை நகர்த்துவேன். எனக்கு முடியாமல் போனால் யார் போவது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு மாதத்தில் பங்குனி உத்திரம். போன இரண்டு வருடமும் நான் நம் சாஸ்தாவுக்கு வரவில்லை. முதல் வருடம் சேரமாதேவி, மறு வருடம் முக்கூடல். இந்த வருடம் முக்கூடலுக்கு மத்தியானம் போகிறேன் என்று பரமசிவனிடம் சொல்லிவிட்டேன். காலையில் நம் கோயிலுக்கு வருவேன். புகுந்த வீட்டுச் சாஸ்தா உனக்கு வேறு என்று ஊர் சொல்லட்டும். எங்கே போனாலும் அன்றைக்கு நீ எங்கே வந்து நிற்பாய் என்று எனக்குத் தெரியும். வாசலில் கொஞ்சம் பொறுத்திரு, நான் பையத்தான் வருவேன்.

உனக்குக் கோடு போட்டுத் தந்த
உன் அண்ணாச்சி